பள்ளியின் பெயரை மாற்றினால் வரலாறு அழிந்துவிடுமா?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா என்னும் ஊர்ப்பகுதியின் பள்ளி வாரியம், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதிகளின் பெயர்களை 2020-இல் இரண்டு பள்ளிகளிலிருந்து நீக்கியது. 2024 மே மாதம் அதே வாரியம் அவற்றைத் திரும்பச் சூட்டிவிட்டது. இப்படி மாறிமாறிப் பெயர் வைத்தால் பலகை எழுதுகிறவருக்குத்தான் பிழைப்பு. பெயரும் சிலையும் இருக்கட்டும். அந்த மனிதர் செய்த கொடுமையைப் பக்கத்திலேயே கல்லில் வெட்டி வையுங்கள் என்பதே என் கட்சி.

வேலந்தாவளத்தான்:
ஐயா, அந்த வழியை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் முயன்று பார்த்துவிட்டது. அடிமை வணிகத்தில் பங்குகொண்ட எட்வர்ட் கோல்ஸ்டன் இறந்தது 1721-இல். அவரை வள்ளல் என்று போற்றிச் சிலை வைத்ததோ 174 ஆண்டுகள் கழித்து, 1895-இல். 2018-இல் விளக்கப் பலகை ஒன்றைச் சேர்க்க எழுந்த பேச்சு, எந்தச் சொல்லைப் போடுவது என்ற சண்டையிலேயே முடங்கிப்போனது. 2020 ஜூன் 7 அன்று மக்கள் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். இன்று அது, மேலே பூசிய சாயத்தோடு, அருங்காட்சியகத்தில் படுத்துக் கிடக்கிறது. வரலாறு எங்கே அழிந்தது? 1857-இல் அலகாபாத்தில் இந்தியர்களைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்ட பிரிட்டிஷ் படை அதிகாரி நீலின் சிலையும் அப்படித்தான்: 1927-இல் சத்தியாகிரகம், 1937-இல் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து அருங்காட்சியகத்துக்கு.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
நீலுக்காக அழ இங்கே எவருமில்லை, அதனால் அது சுலபம். காந்தி? தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது கறுப்பின மக்களை இழிவாக எழுதினார் என்பதற்காக, கானா பல்கலைக்கழகம் 2018 டிசம்பரில் அவர் சிலையை அகற்றியது. எங்கே நிறுத்துவீர்கள்?

வேலந்தாவளத்தான்:
எதற்காகப் பீடத்தில் ஏற்றினார்கள் என்று பார்க்கிறேன். வர்ஜீனியாவின் ரிச்மண்டில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீக்கு 1890-இல் சிலை எழுப்பியது அந்தப் போருக்காகவே. அதைக் கழித்தால் போற்ற ஒன்றும் மிஞ்சாது. காந்தி அப்படியல்லர். ஆனாலும் அந்த வளாகத்தில் தினமும் நடப்பவன் நான் இல்லையே, அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

மூணாறு எஸ்டேட்காரி:
இருவரும் சிலையையும் பள்ளியையும் ஒரே தராசில் நிறுக்கிறீர்கள். சிலையைக் கடந்து போய்விடலாம். பள்ளியின் பெயரை ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளை தன் பெயருக்குக் கீழே, நோட்டு லேபிளில், தன் கையாலேயே எழுத வேண்டும். பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகளுக்குக் 'காலனி' என்ற பெயர் வேண்டாம் என்று 2024 ஜூனில் கேரள அரசு ஆணையிட்டது. அதற்கு முன்பெல்லாம் என் அக்காள் மகள் முகவரி எழுதும்போது, முத்து முத்தான அந்தக் கையெழுத்து அந்த ஒரு சொல்லில் மட்டும் கோழிக் கிறுக்கலாகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
எங்கள் பக்கத்துப் பேருந்து நடத்துநர் இன்றும் 'காலனி ஸ்டாப்' என்றுதான் கூவுகிறார், அம்மா.

மூணாறு எஸ்டேட்காரி:
கூவட்டும் ஐயா. அரசு முத்திரை குத்தித் தரும் தாளில் அது இருக்கக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
லேபிளை நான் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் பார்த்தவன். பள்ளிப் பெயர் வரைக்கும் இறங்கி வருகிறேன், பெற்றோரைக் கூட்டிக் கேட்டுவிட்டு மாற்றுவதாக இருந்தால். சிலையைப் பொறுத்தவரை என் பேச்சில் மாற்றமில்லை. பிரிஸ்டலில் கயிறு கட்டியவர்கள் யாரைக் கேட்டுக் கட்டினார்கள்?