குடிகாரர் வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 'முடியாது' என்று சொல்ல எப்படிப் பழகினீர்கள்?

மூத்தமகள்:
அப்பா குடிப்பார். ராத்திரி பைக்குக்கு ஸ்டாண்ட் போடுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்த அளவு போதை என்று கண்டுபிடித்துவிடுவேன், அதைப் பொறுத்துத்தான் தம்பியை உள்ளறையில் படுக்க வைப்பதும் சோற்றை எடுத்து வைப்பதும். அவர் இறந்து ரொம்ப வருஷமாகிறது. கணவர் குடிக்க மாட்டார், ஆனாலும் அவர் முகம் லேசாக வாடியிருந்தால் போதும், நான் என்ன தப்பு செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன். தம்பி பணம் கேட்டால் நகையை அடகு வைத்தாவது கொடுக்கிறேன், அப்புறம் தூக்கம் வராது. ஹோட்டலில் என்ன வேண்டும் என்று கேட்டால்கூட பக்கத்தில் இருப்பவர் சொன்னதையே சொல்கிறேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று நிஜமாகவே தெரியவில்லை. இதிலிருந்து மீள முடியுமா?

வேப்பமரம்:
முடியும் தங்கச்சி. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, 1951இல் அமெரிக்காவில் தொடங்கியது, சென்னையிலும் கூட்டங்கள் நடக்கின்றன. குடித்தவர் இப்போது உயிரோடு இல்லாவிட்டாலும் போகலாம். இந்தக் குடிக்கு நீ காரணமில்லை, உன்னால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். அதைக் கேட்டு நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

நிழல்:
நான் மனநல ஆலோசகர். ஆபத்து வந்தால் எதிர்ப்போம், ஓடுவோம், இல்லையென்றால் உறைந்துபோவோம். பீட் வாக்கர் என்ற அமெரிக்க உளசிகிச்சையாளர் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: எதிரில் இருப்பவரின் மனம் கோணாமல் நடந்து தப்பிப்பது. சின்னப் பிள்ளையால் அப்பாவை எதிர்க்க முடியாது, ஓடவும் இடமில்லை, அதனால் உங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். உங்களையும் தம்பியையும் அன்றைக்குக் காப்பாற்றியதும் இதுதான், ஆகவே அதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் எப்போதும் அடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சொந்தப் பசி, கோபம், ஆசை எல்லாம் பின்னுக்குப் போய்விடும், ஹோட்டலில் நடப்பது அதுதான். தம்பியிடம் ஆரம்பிக்காதீர்கள், ஹோட்டலில் ஆரம்பியுங்கள், தோசையோ பூரியோ நீங்களே முதலில் சொல்லுங்கள். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992லேயே எழுதியதுபோல முதலில் பாதுகாப்பு, பழையதை நினைத்து அழுவது அதற்கப்புறம்தான்.

கொங்குக்காரன்:
ஒன்று மட்டும் சொல்கிறேன். இப்படித் தன்னை மறந்து அடுத்தவருக்காகவே வாழ்வதைச் சிலர் கோடிபென்டன்சி என்பார்கள், ஆனால் அது அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 என்ற நோய்ப் பட்டியலில் நோயாக இல்லை. அக்கா தம்பிக்குச் செய்வதையெல்லாம் நோய் என்றால் நம் வீடுகளில் யாரும் தப்ப முடியாது. நான் பார்ப்பது இவ்வளவுதான்: மறுத்திருந்தால் வருத்தமாக இருந்திருக்குமா, பயமாக இருந்திருக்குமா? பயத்தில் கொடுத்த பணம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

மூத்தமகள்:
பயம்தான் அண்ணா. தம்பி பேசாமல் இருந்துவிடுவானோ என்று.

நிழல்:
அப்படியென்றால் போனிலேயே பதில் சொல்லாதீர்கள், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுங்கள். அந்த ஒரு ராத்திரி படபடப்பாகத்தான் இருக்கும், உங்கள் கணவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது வீட்டில் அடி விழுகிறது என்றால் இந்தப் பயிற்சியெல்லாம் இப்போது வேண்டாம், முதலில் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள்.