பிள்ளைகளுக்கு நடுவே புருஷனும் பெண்டாட்டியும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாளைக்காரி
போன மாதம் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சின்னவன் மடியில் தூக்கம், பெரியவள் ஜன்னல் சீட்டுக்கு அழுகை. வண்ணார்பேட்டையில் பஸ் நின்றது. டீக்கடை வாசலில் ஒருத்தர், கிளாஸில் இருக்கும் டீ சிந்துகிற அளவுக்குத் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்லா சிரிக்கிறாரே மனுஷன் என்று நினைத்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது, எங்க வீட்டுக்காரர்தான்.

வீட்டில் எங்களுக்குள் ஓடுவதெல்லாம் ‘கேஸ் புக் பண்ணியாச்சா’, ‘வேன் காசு குடுத்தாச்சா’, ‘இவனுக்கு மருந்து எத்தனை மில்லி’. சண்டை சச்சரவு கிடையாது. தங்கமான மனுஷன். அதனாலேயே இதை யாரிடமும் குறையாகச் சொல்ல முடியவில்லை. ராத்திரி அவர் வந்ததும், டீக்கடையில் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் “பால் இருக்கா?” என்றார். இருக்கு என்றேன்.

வாரக்கடைசி அப்பா
எனக்கு வேலை சென்னையில். வெள்ளி ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவேன், ஞாயிறு ராத்திரி திரும்ப அதே வண்டி. ஊருக்கு வந்தால் பிள்ளைகள் என் மேலேதான். மகள் நடுவில் படுத்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வாள், அசைய முடியாது. அதனால் என்னை வண்டியேற்ற மட்டும் பிள்ளைகளை அத்தையிடம் விட்டுவிட்டு என் மனைவி தனியாக வருவாள். பிளாட்பாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு. வண்டி நம்ம ஊரிலிருந்தே கிளம்புவதால் லேட்டும் ஆகித் தொலைக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, “ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது. “சரி, அடுத்த வாரம்” என்று கையைக் காட்டினாள். அடுத்த வாரம் கேட்டால் மறந்துபோச்சு என்கிறாள். மளிகைக் கடையில் அஞ்சு ரூபாய் பாக்கி கூட மறக்காதவள் அவள்.

அம்பை ஆசிரியர் (ஓய்வு)
பாளை சகோதரி அப்போதே பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். எங்களுடையது கூட்டுக் குடும்பம். என் மனைவியிடம் தனியாக ஒரு வார்த்தை பேச, மாட்டுத் தொழுவத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போவேன். ஒரு நாள் அங்கே என் அப்பாவும் அம்மாவும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

இளையவர்களுக்குச் சில யோசனைகள். பிள்ளைகளை ஐந்து வயதில் தனிப் பாயில் படுக்க வையுங்கள். செல்போனை அடுக்களையிலேயே வைத்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு இருவரும் சேர்ந்தே சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்கு முதலிலேயே போட்டுவிடலாம். வரவு செலவை மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டால் மற்ற நாட்களில் கேஸும் வேன் காசும் வாயில் வராது. பிள்ளைகளை ஆச்சியிடம் விட்டுவிட்டு வெளியே போங்கள். பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குப் போகலாம், வனத்துறை செக்போஸ்ட் உண்டு, காலையிலேயே போய்விட வேண்டும். மணிமுத்தாறு இருக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல், குற்றாலத்துக்குப் போங்கள். சென்னைத் தம்பி மாற்றலுக்கு எழுதிப் போட வேண்டும். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.

தென்காசி மைனி
சார், தனியார் கம்பெனியில் மாற்றலுக்கு யாரிடம் எழுதிப் போடுவது? அது போகட்டும். ஜோடியாகப் போகச் சொல்ல உங்களுக்குக் குற்றாலம்தானா கிடைத்தது? பேரருவியில் ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். நாங்கள் போன அன்றைக்குப் பிள்ளை என்னிடம், துண்டு அவரிடம். குளித்து முடித்து, நடுங்குகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறேன், இவர் அந்தப் பக்கம் சாவகாசமாக மிளகாய் பஜ்ஜி தின்கிறார். தோளில் எங்கள் துண்டு, காய்ந்தபடி. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் “துண்டு எடுத்தாச்சா” என்று கேட்டு வம்புக்கு இழுக்கிறார்.

ஊசி அக்கா
நான் கிராம சுகாதார செவிலியர். 6 வாரத்து ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். ஊசி போட்டாயிற்று, காய்ச்சல் மருந்தும் கொடுத்தாயிற்று, போகவில்லை. பெண்டாட்டி வெளியே நிற்கிறாள். “அடுத்த ஊசி எப்பக்கா?” 10 வாரத்தில் என்றேன். “அதுக்கடுத்தது?” 14. மறுபடியும் நிற்கிறார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவளுக்கு எம்மேல வெறுப்பா இருக்குமோக்கா?” என்றார். அதற்குள் அடுத்த பிள்ளை அலற ஆரம்பித்தது, தம்பி போய்விட்டார். 10 வாரத்து ஊசிக்கு மாமியார்தான் கொண்டுவந்தார்.

அவருக்குச் சொல்ல இருந்ததை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன அருவியெல்லாம் அப்புறம், முதலில் உடம்பு. தாய்ப்பால் கொடுக்கிற காலத்தில் பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோன் கூடியிருக்கும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்திருக்கும். ஆசை வராது. வறட்சி இருக்கும், சேர்ந்தால் வலிக்கும். கூடவே தூக்கமும் கிடையாது. இதில் வெறுப்பு எங்கிருந்து வந்தது? அடுத்த பிள்ளை உடனே உண்டாகிவிடுமோ என்ற பயமும் பாதிப் பெண்களுக்கு உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கருத்தடைக்குக் காப்பர் டி, பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, 6 வாரம் கழித்தோ போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் போதும் என்றால் ஆண்களுக்குத் தழும்பில்லாத கருத்தடை ஆபரேஷன் இருக்கிறது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்கு மட்டும் ஒருத்தரும் தரையைப் பார்த்துக்கொண்டு கூட வந்து கேட்பதில்லை. தாய்க்கு எந்நேரமும் அழுகை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று இருந்தால் கோயில் கயிறு கட்டிவிட்டு உட்காராமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கைலாசபுரத்தான்
2023 டிசம்பர் 17, 18, தாமிரபரணி வெள்ளம். சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் எதிர்வீட்டு மாடிக்கு ஏறினோம். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது, பிள்ளைகள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிவிட்டார்கள். கீழே ஆறு தெருவில் ஓடுகிற சத்தம். அப்போதுதான் என் மனைவி தன் முதல் பிரசவத்தைச் சொன்னாள். உள்ளே யாரோ அதட்டியதை, செத்துப்போவேன் என்று நினைத்ததை, நான் வெளியே டீ குடிக்கப் போயிருந்ததாக அவள் அம்மா வந்து சொன்னதை. பெரியவள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவ்வளவு நாளாக இது என் காதுக்கு வரவே இல்லை. விடிய விடியப் பேசினோம். சொன்னால் அடிப்பீர்கள், நல்ல ராத்திரி அது.

மீனாட்சிபுரம்
அடிக்கத்தான் வேண்டும் அண்ணாச்சி. உங்களுக்கு எதிர்வீட்டு மாடி இருந்தது, பேசினீர்கள். எங்கள் வீட்டில் பீரோ மிதந்தது. கல்யாண ஆல்பம் கூழ். 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றபோது எங்களுக்குள் வந்த பேச்சை இங்கே எழுத முடியாது. வெள்ளத்தை யாரும் நல்ல ராத்திரி என்று சொல்லாதீர்கள்.

பத்தமடையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்டு நெய்து வாங்கிய கல்யாணப் பாய் ஒன்று இருந்தது. சேறு அப்பி நாறியது. குப்பை வண்டிக்கு எல்லாவற்றையும் தூக்கிப் போட்ட எங்க வீட்டுக்காரர், அதை மட்டும் அலசி அலசிக் கொடியில் போட்டார். என் பெயர் பாதிதான் தெரிகிறது. எதற்கு இது என்றால் “கெடக்கட்டும்” என்றார். சின்னவன் அதில் ஒன்றுக்குப் போய்விடக் கூடாது என்று பரண் மேல் வைத்திருக்கிறார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சேரன்மாதேவி
என் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தபோது இவர் சனிக்கிழமை தோறும் வருவார். வந்தால் திண்ணையில் அப்பாவோடு காபி, பேப்பர். உள்ளே வந்தால் அம்மா, சித்தி, பிள்ளையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அத்தை. டவுனில் வரிசையில் நின்று அல்வா வாங்கி வருவார், பத்தியம் என்று எனக்குக் கொடுக்க மாட்டார்கள். என் எதிரிலேயே எல்லோரும் தின்பார்கள்.

ஒரு சனிக்கிழமை பிள்ளையை அவர் மடியில் கொடுத்தேன். குனிந்தவர் என் கால் விரலைத் தன் காலால் லேசாக மிதித்தார். அவ்வளவுதான். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி உலக்கையை நிறுத்திவிட்டு, “ஏட்டி, எல்லாவளும் பொறவாசலுக்கு வாங்க, புளிக்குக் கொட்டை எடுக்கணும்” என்று எழுந்தாள். புளி ஏற்கெனவே எடுத்துப் பானையில் அடைத்தாயிற்றே என்று சித்தி சொல்ல, “அப்ப அதைத் திரும்பக் கொட்டு” என்றாள். அப்பாவைக் கூட விடவில்லை, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச அனுப்பினாள்.

கதவே இல்லாத அந்த வீட்டில் ஏழு பெற்று வளர்த்தவள் எப்படிச் சமாளித்தாள் என்று இப்போது என் பிள்ளைகள் கட்டிலில் குறுக்கே படுத்திருக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவள் திரும்பி வந்தது, முற்றத்திலிருந்தே பலமாக இருமிக்கொண்டு. ஆச்சிக்கு இருமலே கிடையாது.