படத்தின் மேல் பூசிய மஞ்சள்

புகைப்படத்தின் மேல் வண்ணம் தீட்டுவது ஒரு நவீன உத்தி என்று ஓவிய வகுப்பில் சொல்லித் தந்தார்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீட்டில்) வளர்ந்த எனக்கு அது அறிவு தெரிந்த நாள் முதல் பழகிய காட்சி. எங்கள் வீட்டில் அப்பாயியின் படத்துக் கண்ணாடியில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் ஏறி ஏறி, நெற்றி எது, பொட்டு எது என்று தெரியாமற் போயிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானபின், விண்ணப்பப் படிவத்தில் ஒட்டுவதற்காக எடுத்த படம் அது. அப்பாயி கப்பலேறவில்லை, படம் மட்டும் சாமித் தட்டுக்கு ஏறிவிட்டது.

சமய வளர்ப்பைப் பற்றிய என் மனக்கலக்கத்தை வரைந்து பார்க்க நான் எடுத்துக்கொண்டது, அப்பா தீ மிதித்த படம். சாதாரண தரப் பரீட்சையில் நான் சித்தியடைய வேண்டுமென்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தவர், பெறுபேறு வந்ததும் காப்புக் கட்டி விரதமிருந்து, தோட்டத் திருவிழாவில் தீக்குழியில் இறங்கினார். பாதம் கொப்பளித்து மலையேற முடியாமல், வேலைக்கு வந்ததாகப் பேர் விழாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லாமல் போனது. அதே திருவிழாவுக்கான பணம் ஏற்கெனவே அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருந்தது. கண் விழித்துப் படித்தவள் நானாக இருக்க, பெருமை அம்மனுக்குப் போனதே என்ற கோபம் இன்றும் எனக்கு உண்டு. ஆனாலும், எனக்காக நெருப்பில் நடந்த இன்னொருவரை நான் அறியேன்.

கைத்தொலைபேசியில் எடுத்திருந்த அந்தப் படத்தைப் பளபளப்பில்லாத தாளில் கறுப்பு வெள்ளையாகப் பெரிதாக அச்சிட்டேன். பளபளப்பான தாளில் வண்ணம் பிடிக்காமல் உரிந்து வரும். இங்க்ஜெட் மையோ ஈரத் தூரிகை பட்டதும் கரைந்து ஓடக்கூடியது. ஆகவே முதலில் நிறமற்ற அக்ரிலிக் பூச்சொன்றை மெல்லியதாக இட்டு உலரவிட வேண்டும் (எங்கள் ஊர் மழைக்காலத்தில் எதையும் உலரவிடுவது தனிக் கதை). தணலுக்கு அக்ரிலிக் சிவப்பை வைத்துப் பார்த்தபோது சினிமாச் சுவரொட்டிபோல இருந்ததால் உடனே துடைத்தெடுத்துவிட்டு, மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்து ஆலாத்தித் தண்ணீர் செய்தேன். சுண்ணாம்பின் காரத்தில் மஞ்சள் சிவந்துபோவது பள்ளிக்கூடத்து விஞ்ஞானம். கண்ணூறு கழிக்க அம்மா சுற்றிக் கொட்டுவதும் அதே தண்ணீர்தான். வெளிச்சத்தில் மஞ்சள் நாளடைவில் வெளிறிவிடும் என்று தெரிந்தே பூசினேன்.

ராஜஸ்தானின் நாத்துவாராவில், யாத்திரிகரின் முகத்தைப் புகைப்படத்திலிருந்து வெட்டி, அங்குள்ள கண்ணன் வடிவமான ஸ்ரீநாத்ஜியின் முன் அவர் நின்று வணங்குவதாகத் தீட்டிய ஓவியத்தில் ஒட்டித் தரும் வழக்கம் முன்பு இருந்தது. அங்கே முகம் கமராவுடையது, மற்றதெல்லாம் தூரிகையுடையது. நான் சுற்றி நின்ற கூட்டத்தையும் அப்பாவின் முகத்தையும் சுண்ணாம்பு வெள்ளையால் மூடி, அவருடைய பாதங்களை மட்டும் கமரா பார்த்தபடியே விட்டேன்.

அம்மாவுக்குக் காட்டும்போது பயந்துகொண்டுதான் காட்டினேன். “சாமி காரியத்துல எதுக்குப் புள்ள கிறுக்கி வச்சிருக்க?” என்றவர், படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அப்பா இடுப்புல மஞ்சத் துண்டுல்ல கட்டியிருந்தாரு, அதையும் போட்டு விடு” என்றார். கல்லுக்குச் சந்தனக்காப்புச் சாத்துவதைப் பார்த்துப் பழகிய அவருடைய கண்ணுக்கு, நான் கோபத்தில் பூசியதும் அலங்காரமாகவே பட்டிருக்கிறது. எனக்கு அது ஆறுதலாகவும் தோல்வியாகவும் ஒருங்கே தோன்றியது. துண்டுக்கு மஞ்சள் போட்டேன். இது விமர்சனமா, வழிபாடா என்று கேட்ட ஓவிய ஆசிரியரிடம் இரண்டும்தான் என்றேன். அது நழுவுகிற பதில் என்றார். நான் அப்படி நினைக்கவில்லை.

அடுத்து, நான் பெரியவளானபோது கோயில் பக்கமே போகக்கூடாதென்று உட்கார வைக்கப்பட்டிருந்த மூலையை எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறேன். அந்த நாட்களின் படம் ஒன்றுகூட இல்லை. வெறும் ஓவியமாகவே வரைவதா, இன்று அதே அறையைப் படமெடுத்து அதன்மேல் வரைவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை. படமே இல்லாத நினைவை இவ்வாறு கையாண்டவர்கள் யாரேனும் இருந்தால், எந்த வழியைத் தேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள்.