நெட்வொர்க்கில் தெரியாத கம்ப்யூட்டர், ஆஃப்லைன் காட்டும் பிரிண்டர்: எங்கே மாட்டியது, எப்படி விடுபட்டது

ஐந்தாறு கம்ப்யூட்டர், ஒரு ரவுட்டர், ஒரு பிரிண்டர் உள்ள இடங்களில் அதிகம் வரும் புகார் இது: "நெட்வொர்க்கைத் திறந்தால் ஒன்றுமே காட்டவில்லை." காட்டவில்லை என்பது ஒரு கோளாறு. திறக்கவில்லை என்பது வேறு கோளாறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ஃபயர்வாலை அணைப்பது, எஸ்எம்பி 1-ஐ (ஃபைல் பகிர்வின் பழைய நெறிமுறை) திரும்ப ஏற்றுவது என்று கிளம்பினால் பாதி நாள் போய்விடும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் \\192.168.1.20 என்பதுபோல அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை அடித்து என்டர் தட்டுங்கள். ஷேர் செய்த ஃபோல்டர்கள் வந்துவிட்டால் கேபிள், ஃபயர்வால், பாஸ்வேர்டு எதிலும் குறையில்லை. "நான் இங்கே இருக்கிறேன்" என்று அந்தக் கம்ப்யூட்டர் அறிவிப்பது மட்டும் நின்றுபோயிருக்கிறது. முன்பு அந்தப் பட்டியலைத் தயாரித்தது கம்ப்யூட்டர் பிரவுசர் சர்வீஸ். அது எஸ்எம்பி 1-ஐ நம்பி ஓடியது. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, அதாவது 2017 கடைசியிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பி 1-இன் சர்வர் பகுதி இயல்பாக வருவதில்லை. இப்போது அந்த வேலையைச் செய்வது யுடிபி 3702 போர்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி.

சர்வீசஸ் பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதைத் தேடி, ஸ்டார்ட்அப் டைப்பை 'ஆட்டோமேட்டிக் டிலேய்டு' ஆக்கி, ஸ்டார்ட் கொடுங்கள். இதை எந்தக் கம்ப்யூட்டர் கண்ணில் படவில்லையோ அதில் செய்ய வேண்டும். பலரும் தேடுகிற கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டு "பலனில்லை" என்பார்கள். தேடுகிற பக்கம் ஓட வேண்டியது 'ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட்'.

ஐபி அடித்தும் 80070035 என்ற பிழை வந்தால், இரண்டு பக்கமும் நெட்வொர்க் புரொஃபைல் 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பிரைவேட்' ஆக்கினால் பெரும்பாலும் முடிந்துவிடும். முடியவில்லையா, பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையை 445 போர்ட்டுக்கு (ஃபைல் பகிர்வு போகும் வழி) ஓட்டுங்கள். பிங் போகிறது, 445 போகவில்லை என்றால் வழியை அடைப்பது ஃபயர்வால். விண்டோஸுடையது ஒழுங்காக இருந்தும் அடைபட்டால், ஆன்டிவைரஸ் தனியாக ஒரு ஃபயர்வால் வைத்திருக்கும்.

* * *

மேலே சொன்னதற்கும் ஒரு படி கீழே போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு கம்ப்யூட்டருக்கு 192.168.1.35, இன்னொன்றுக்கு 192.168.0.12. இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வருகிறது, அதனால் யாருக்கும் நெட்வொர்க் மேல் சந்தேகமே வராது. வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்று வாங்கி, முதல் ரவுட்டரின் கேபிளை அதன் 'வான்' துளையில் செருகியிருப்பார்கள். இப்போது ஒரே கூரைக்குள் இரண்டு நெட்வொர்க்.

இதற்கு ஒரு அடையாளம் உண்டு: ஷேரிங் ஒருவழிப் பாதையாக இருக்கும். இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் ஃபோல்டரை ஐபி போட்டுத் திறந்துவிடுவார். முன்னால் இருப்பவருக்கு அந்தப் பக்கம் போகவே முடியாது. சரிசெய்ய, இரண்டாவது ரவுட்டரின் சொந்த ஐபியை முதல் ரவுட்டரின் வரிசையிலேயே யாரும் எடுக்காத எண்ணாக மாற்றுங்கள் (192.168.1.2 மாதிரி). பிறகு அதன் டிஹெச்சிபியை (ஐபி எண்களைத் தானாகப் பங்கிடும் வசதி) அணையுங்கள். கடைசியாகக் கேபிளை 'வான்' துளையிலிருந்து எடுத்து ஒரு 'லான்' துளையில் செருகுங்கள். இந்தப் படிகளை முன்பின்னாகச் செய்தால், இரண்டாவது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தையே திறக்க முடியாமல் போகும்.

கெஸ்ட் வைஃபையில் இணைந்த லேப்டாப்பும் இதே வகைதான். கெஸ்ட் என்றால் உள்ளே இருப்பவற்றைப் பார்க்க விடாது, அதற்காகவே செய்த ஏற்பாடு. ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவே இல்லை. அங்கே ஷேரிங் பக்கம் போகாதீர்கள், கேபிளைப் பாருங்கள்.

* * *

பாஸ்வேர்டு கேட்கிறது, கொடுத்தால் ஏற்கவில்லை. இதில் பத்துக்கு எட்டு பேர் அடிப்பது பின் எண். தினமும் திரையைத் திறக்கும் அந்த நாலு இலக்கம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியாக வருகிறவருக்குச் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் உதவாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கில் நெட்வொர்க்கிலிருந்து நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே தடுத்துவைத்திருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்கள் முழு மின்னஞ்சல் முகவரியையும் அதன் பாஸ்வேர்டையும் தர வேண்டும். பாஸ்வேர்டே அடிக்காமல் பின்னிலேயே தொடங்கிய கம்ப்யூட்டரில் அதுவும் சில சமயம் கைவிடும். இதோடு மல்லுக்கட்டாமல், ஃபைல் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு தொடங்குங்கள். அட்மின் உரிமை வேண்டாம். ஒரு பாஸ்வேர்டு வையுங்கள், அதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் பயன்படுத்துங்கள். 'பாஸ்வேர்டு புரொடெக்டெட் ஷேரிங்'கை அணைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரியான பாஸ்வேர்டு கொடுத்த பிறகும் நுழையவில்லை என்றால் கிரெடென்ஷியல் மேனேஜரில் (விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் இடம்) பழையது உட்கார்ந்திருக்கும். அதை நீக்குங்கள். "வேறு பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது" என்ற 1219 பிழை வந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட் யூஸ் * /டெலீட். ஆனால் அது மேப் செய்த டிரைவ்கள் எல்லாவற்றையும் துண்டிக்கும், திறந்திருக்கும் ஃபைலைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

* * *

ஃபோல்டர் திறக்கிறது, உள்ளே பதினைந்து ஃபைல் தெரிகிறது, அதில் இரண்டு மட்டும் "அனுமதி இல்லை" என்கிறது. ஷேர் பர்மிஷனில் 'எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்' வரை கொடுத்தும் மாறவில்லை. அந்த இரண்டு ஃபைலும் எப்படி அங்கே வந்தன என்று கேளுங்கள். கட் செய்து பேஸ்ட் செய்ததாக இருக்கும்.

ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் தன் பழைய அனுமதிப் பட்டியலோடு வரும். உரிமையாளரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தபோது அவருக்கு மட்டும் இருந்த அனுமதி, பொது ஃபோல்டருக்கு வந்த பிறகும் அவருக்கு மட்டுமே. காப்பி செய்தால் அப்படியில்லை, புது ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். ஷேர் பர்மிஷன் ஒரு வாசல், செக்யூரிட்டி தாவலில் இருக்கும் என்டிஎஃப்எஸ் அனுமதி இரண்டாவது வாசல். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும், அதனால் முதல் வாசலை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் பயனில்லை.

தீர்வு: பொது ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. கீழே 'ரிப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்' என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்து அப்ளை. உள்ளே ஏதாவது துணை ஃபோல்டருக்குத் தனி அனுமதி வைத்திருந்தால் அதுவும் அழிந்துபோகும், முதலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை ஷேர் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், 'யூசர்ஸ்' என்ற மொத்தக் கிளையும் பட்டியலில் வந்து நிற்கும். வேறு டிரைவில் தனி ஃபோல்டர் போடுவது சுத்தம்.

* * *

இனி பிரிண்டர். காலையில் அடித்தது, மதியம் 'ஆஃப்லைன்'. பிரிண்டரோ பச்சை விளக்கோடு நிற்கிறது.

பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் தாவலைத் திறங்கள். டிக் போட்ட வரி 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கினால் அதுதான் முதல் குற்றவாளி. விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது அடிக்கடி இந்தப் போர்ட்டைத்தான் போடும். பிரிண்டர் தூங்கி எழுந்த பிறகு அதன் அறிவிப்பு வந்து சேராவிட்டால் ஆஃப்லைன்தான். 'ஆட் போர்ட்', 'ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்', பிரிண்டரின் ஐபி, அவ்வளவுதான். பிரிண்டர் அடித்துத் தரும் கான்ஃபிகரேஷன் பக்கத்திலேயே ஐபி இருக்கும். இந்த வழியில் வேலை 9100 போர்ட்டுக்கு நேராகப் போகும்.

அதன் பிறகும் ஆஃப்லைன் என்றால் அதே தாவலில் 'கான்ஃபிகர் போர்ட்' அழுத்தி, 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' டிக்கை எடுங்கள். "நலமா" என்று விண்டோஸ் கேட்கும் கேள்விக்குப் பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால், பிரிண்ட் எடுக்க முடிந்தாலும் ஆஃப்லைன் என்று முத்திரை குத்திவிடும்.

ஐபி மாறிக்கொண்டே இருந்தால் இதெல்லாம் வீண். ரவுட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை ரிசர்வ் செய்யுங்கள். பிரிண்டர் திரையிலேயே நிலையான ஐபி போடுபவர்கள், ரவுட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் எண் வரிசைக்கு வெளியே போடுங்கள். உள்ளே போட்டால் அதே எண்ணை ரவுட்டர் ஒரு செல்போனுக்குக் கொடுத்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பிரிண்டர் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

வரிசையில் ஒரு வேலை சிக்கிக்கொண்டு அழியவும் மறுத்தால்: பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அங்கிருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்து (ஃபோல்டரை அல்ல), சர்வீஸை ஓடவிடுங்கள். ஷேர் செய்த பிரிண்டர் என்றால், அது மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரிலும் செய்ய வேண்டும்.

* * *

யுஎஸ்பியில் மாட்டி ஷேர் செய்யும் பிரிண்டர்களுக்குத் தனிப் பாடு. 2021-இல் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளிவந்த பிறகு அடுத்தடுத்து வந்த அப்டேட்கள் பிரிண்டர் ஷேரிங்கையே இறுக்கிவிட்டன. அந்த ஆகஸ்டிலிருந்து டிரைவர் ஏற்ற அட்மின் உரிமை வேண்டும். செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, பல பூஜ்யங்களைத் தொடர்ந்து 11பி என்று முடியும் பிழை பரவலாக வந்தது. ரிஜிஸ்ட்ரியில் 'ஆர்பிசி ஆத்என் லெவல் பிரைவசி எனேபிள்டு' மதிப்பை 0 ஆக்கு என்பதுதான் எங்கும் கிடைக்கும் வைத்தியம். வேலை செய்யும், ஆனால் எந்தப் பாதுகாப்புக்காக அப்டேட் வந்ததோ அதையே கழற்றிவைப்பது அது.

முதலில் இரண்டு பக்கமும் அப்டேட்டை முழுமையாக முடியுங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்பதாலேயே வரும் 11பி நிறைய. அதற்கும் அசையவில்லை என்றால் பிரிண்டரைப் பயன்படுத்தப்போகும் கம்ப்யூட்டரில் டிரைவரை முன்பே நிறுவி, 'ஆட் பிரிண்டர்' கைமுறை வழியில் 'கிரியேட் எ நியூ போர்ட்', 'லோக்கல் போர்ட்' எடுத்து, போர்ட் பெயராக \\கம்ப்யூட்டர்பெயர்\பிரிண்டர்பெயர் என்று அடியுங்கள். பிரிண்டரின் ஷேர் பெயரில் இடைவெளி இல்லாமல் வைத்தால் தொல்லை குறைவு. பிரிண்டர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டருக்கான பெயரும் பாஸ்வேர்டும் கிரெடென்ஷியல் மேனேஜரில் முன்பே ஏறியிருக்க வேண்டும்.

709 பிழை இன்னொரு ரகம். விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்பிலிருந்து பிரிண்ட் பேச்சுவார்த்தை நேம்டு பைப் என்ற பழைய வழிக்குப் பதிலாக டிசிபி வழியே போகிறது. எதிரில் பழைய விண்டோஸ் இருந்தால் ஒத்துப்போகாமல் இது வரலாம்.

என்னைக் கேட்டால், பிரிண்டரில் வைஃபையோ லான் துளையோ இருந்தால் ஷேரிங்கை மறந்துவிட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நேராக ஐபியில் சேர்ப்பதுதான் வழி. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் தூங்கினால் எல்லோருக்கும் பிரிண்ட் நிற்கும் தலைவலி கிடையாது.

* * *

விண்டோஸ் 11 24ஹெச்2 ஏற்றியதும் பழைய நாஸ் பெட்டியும் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புக் கருவி) ரவுட்டரில் செருகிய யுஎஸ்பி டிஸ்க்கும் திறக்காமல் போனவர்கள் கவனிக்க. "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது" என்று ஆங்கிலத்தில் வரும், வீட்டில் இருப்பவருக்கு எந்த நிறுவனம் என்று புரியாது! புரோ பதிப்பில் பாஸ்வேர்டில்லாத கெஸ்ட் நுழைவு இப்போது மூடியிருக்கிறது, எஸ்எம்பி கையொப்பமும் (தகவல் வழியில் மாறவில்லை என்று சரிபார்க்கும் முறை) கட்டாயம். கெஸ்ட் இணைப்பில் கையொப்பமிட வழியே இல்லை. நாஸில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி அதன்மூலம் நுழைந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பெட்டி என்றால் அதை ஃபைல் வைக்க நம்பாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது அந்த வழியாகத்தான்.

லினக்ஸில் சாம்பா (விண்டோஸோடு ஃபைல் பகிரும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு: லினக்ஸ் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு. எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி (smbpasswd) கட்டளையில் பயனரைத் தனியாகச் சேர்க்காத வரை உள்ளே விடாது.

* * *

ஒரு சின்ன விஷயம். எல்லாம் திறக்கிறது, ஆனால் பெரிய ஃபைல் நகல் வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை என்றால் ஷேரிங்கில் தேடாதீர்கள். கிகாபிட் இணைப்புக்கு எட்டுக் கம்பியும் தேவை. ஒன்று விட்டுப்போனால் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்-க்கு (நொடிக்கு 100 மெகாபிட்) இறங்கிவிடும், அதன் உச்சம் அந்த 11, 12 தான். ஸ்டேட்டஸ் ஜன்னலில் ஸ்பீடு வரியைப் பாருங்கள், முனையை மறுபடி கிரிம்ப் செய்தால் 110 வரை வரும்.