ஃபெஷி ஆறு: கார்னகூயின் பாலம் வழியாகத் திரும்பலாமா?

நடைப்பிரியன்:
வணக்கம். ஏப்ரல் கடைசியில் நாங்கள் நான்கு பேர் ஸ்காட்லாந்தின் க்ளென் ஃபெஷி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். ஆக்லீன் கார் நிறுத்தத்திலிருந்து கிழக்குக் கரையோரமாக ரூய் ஆட்டியகன் மலைக்குடில் வரை நடந்து, இரவு அங்கே தங்கி, மறுநாள் கார்னகூயின் பாலம் வழியாக மேற்குக் கரைக்கு மாறித் திரும்புவதாகத் திட்டம். கையில் இருப்பது பழைய வரைபடம். சரிவருமா?

கூழாங்கல்:
அந்தப் பாலம் இப்போது இல்லை. 2009 செப்டம்பர் வெள்ளத்தில் போய்விட்டது; பழைய வரைபடங்களில் மட்டும் நிற்கிறது. மேற்குக் கரைக்குப் போகவேண்டுமானால், வந்த வழியே திரும்பி, ஆக்லீனுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் பாலத்தில் கடந்துகொள்ளுங்கள்.

கிழக்குக் கரையிலும் அல்ட் கரவ்லக் என்ற ஓடையைக் காலால்தான் கடக்கவேண்டும். பீடபூமியிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஓடை அது. கரை முழுக்கப் பனியாறு விட்டுப்போன தளர்ந்த கல்லும் மண்ணும் என்பதால் ஒவ்வொரு வெள்ளத்திலும் சரிகிறது, பாதையும் இடம் மாறுகிறது. அறுந்து தொங்கும் விளிம்பில் நிற்கவே கூடாது. ஏப்ரலில் பகல் வெயிலுக்கு மேலே பனி உருகி, மாலையில் தண்ணீர் ஏறும். காலையிலேயே கடந்துவிடுங்கள். பனிமேல் மழை பெய்தால் அன்று பயணமே வேண்டாம்.

நீர்மட்டம்:
கிளம்பும் முன் ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் முகமையான செபாவின் இணையதளத்தில், ஃபெஷிபிரிட்ஜ் என்ற இடத்தில் அளக்கப்படும் ஆற்றின் நீர்மட்டத்தைப் பாருங்கள். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அங்கே காட்டும் நீர்மட்டக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஆனால் அந்த அளவுமானி கீழே, ஸ்பே ஆற்றுச் சங்கமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே ஓடைகள் அதற்கு முன்பே பொங்கிவிடும்.

ஃபெஷி பல கிளைகளாகப் பிரிந்து பின்னிக்கொண்டு ஓடும் ஆறு. சரளை ஏராளம், சரிவும் அதிகம்; வெள்ளத்துக்கு வெள்ளம் கிளைகள் இடம் மாறும். அதனால் கடக்கும் இடத்தை வரைபடத்தை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். அகலமாக, சலசலத்து ஓடும் இடமே ஆழம் குறைவு. குறுகி அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆழமானது. பூட்ஸைக் கழற்றவேண்டாம்; முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி கோலை ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள். முழங்காலுக்கு மேல் வேகமான நீர் என்றால் திரும்பிவிடுங்கள்.

பைன்காடு:
குடிலில் கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, மின்சாரமும் இல்லை. நிரம்பியிருக்கலாம், ஆகவே கூடாரம் அவசியம். அடுப்புக்கு உயிருள்ள மரத்தைத் தொடாதீர்கள். மான்களின் எண்ணிக்கையைக் குறைத்த பிறகுதான் இங்கே பைன் கன்றுகள் தானாக முளைத்து எழுகின்றன. சரளைத் திட்டுகளில்கூட முழங்கால் உயரக் கன்றுகளைக் காணலாம், மிதிக்காமல் நடங்கள். குடிலருகே தனியாக நிற்கும் புகைபோக்கியையும் பாருங்கள். ஓவியர் லேண்ட்சீர் சுவரோவியம் தீட்டிய குடிசையில் மிஞ்சியது அதுதான். மலம் கழிப்பது நீர்நிலைக்கு 30 மீட்டருக்கு அப்பால், குழி தோண்டி.

நடைப்பிரியன்:
மிக்க நன்றி. திரும்பும்போது கரவ்லக் பொங்கியிருந்தால்?

கூழாங்கல்:
காத்திருங்கள். உருகுநீர் என்றால் இரவுக் குளிரில் வடிந்து விடியற்காலையில் மிகக் குறைவாக இருக்கும். மழைநீர் என்றால் மழை நின்று சில மணிநேரம் ஆகும். ஒரு நாள் உணவு கூடுதலாக எடுத்துக்கொண்டால் அவசரப்பட்டு இறங்கவேண்டியிருக்காது.