கிணற்றுத் துலா கிறீச்சிடும் சத்தம் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். 1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் மக்கள் விட்டு வெளியேறிய ஊர்களைப் பற்றி ஒரு ஒலித்தொகுப்பு செய்கிறேன். வர்ணனை கிடையாது, சத்தங்கள் மட்டும்தான்.

அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு அங்கே போய்ப் பதிவு செய்தேன். அலையும் காற்றும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் அது ஆளில்லாத ஊரின் சத்தம். எனக்கு வேண்டியது அதற்கு முந்தையது: தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலா (ஏற்றம்) ஏறி இறங்குவது, மீன் ஏலம் கூறுவது, மாவிட்டபுரம் கோயில் திருவிழாவின் மேளம், காங்கேசன்துறைக்கு வரும் யாழ்தேவி ரயிலின் கூவல்.

பழைய கல்யாண வீட்டுக் கசெட்டுகள் இருந்தால் தயவுசெய்து தேடிப் பாருங்கள். பின்னணியில் ஒரு நாய் குரைத்தாலும் போதும்! நாடா சிக்கியிருந்தால் நீங்களே இழுக்க வேண்டாம், அப்படியே தாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ஏற்கனவே கணினியில் ஏற்றியிருந்தால் வாட்சப்பில் குரல்பதிவாக அனுப்பாதீர்கள், ஒலி நசுங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.

அப்புறம், துலா மிதித்த பெரியவர்கள் யாராவது இருந்தால் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினாலும் சரி.