ரோமிலிருந்து ஒருநாள்: முட்டி வலி உள்ள அம்மாவோடு எந்த மலையூருக்குப் போகலாம்?

தென்றல்82 (கேள்வி)

அக்டோபர் இரண்டாம் வாரம் அம்மாவோடு ரோம் போகிறேன். மொத்தம் ஐந்து நாள். அதில் ஒருநாள் வெளியே ஒரு மலையூரைப் பார்க்க ஆசை. சிவித்தா தி பான்யோரேஜ்ஜோவின் படத்தை அம்மாவே போனில் பார்த்துவிட்டு, "இங்கே கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டார். பள்ளத்தாக்கின் நடுவே ஒற்றைப் பாறை மேல் நிற்கும் ஊர். அம்மாவுக்கு 68 வயது. சமதளத்தில் மெதுவாக இரண்டு கிலோமீட்டர் நடப்பார். படி என்றால் இருபதுக்கு மேல் முடியாது. சைவம், முட்டையும் சாப்பிடமாட்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சிவித்தா முடியுமா? மர்மோரே அருவியையும் அதே நாளில் சேர்க்கலாமா?

பெரூஜாவாசி

பெரூஜாவில் ஆறு வருடம் இருந்தேன். ஊரிலிருந்து வந்த அப்பாவை அழைத்துக்கொண்டு இந்த ஊர்களையெல்லாம் சுற்றியிருக்கிறேன். அம்மாவே ஆசைப்பட்டுக் கேட்ட இடம் என்பதால் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சிவித்தா வேண்டாம். அந்த ஊருக்கு அடியில் களிமண், மேலே எரிமலைக் கல். மழை களிமண்ணை அரித்து அரித்து, பக்கத்து மேட்டோடு இருந்த நிலத்தொடர்பே போய்விட்டது. இப்போது உள்ளே போக ஒரே வழி, 1965இல் கட்டிய சுமார் 300 மீட்டர் நடைபாலம். அதன் கடைசிப் பகுதி செங்குத்தாக ஏறும். அப்பா பாதி ஏற்றத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான்தான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அன்று முதல், மலையூர் என்றால் "எப்படி மேலே ஏறுவது?" என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் உங்களுக்கு ஓர்வியேத்தோதான். ரோமின் முக்கிய ரயில் நிலையமான ரோமா தெர்மினியிலிருந்து நேர் ரயில், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே விஞ்ச் ரயில் நிற்கும். அங்கே ஃபுனிகோலாரே என்பார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பாறையின் உச்சிக்கு ஏற்றிவிடும். 1888இல் தண்ணீரின் எடையால் இயங்கியது, இப்போது மின்சாரம். மேலே இறங்கிய இடத்திலிருந்து பேராலய வாசலுக்குச் சின்ன பஸ் வரும். படியே ஏறாமல் ஒரு மலையூரின் நடுவில் போய் நிற்கலாம்.

பேராலயத்தை 1290இல் கட்டத் தொடங்கினார்கள். பக்கச் சுவர் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகக் கல், முகப்பில் தங்கப் பின்னணியில் மொசைக். முகப்பு மேற்குப் பார்த்தது, அதனால் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மாலை நாலு மணிக்கு மேல் வெயில் அதில் விழும்போது அப்பா சதுக்கத்தை விட்டு எழவே மறுத்தார். உள்ளே வலப்பக்கம் சான் பிரிட்ஸியோ சிற்றாலயத்தில் லூக்கா சின்யோரெல்லியின் சுவரோவியங்கள் இருக்கின்றன. இறந்தவர்கள் மண்ணைப் பிளந்து எழுந்து வருகிற காட்சியை மட்டுமாவது நிதானமாகப் பாருங்கள்.

சான் பத்ரீத்சியோ கிணறு விஞ்ச் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே தப்பி வந்த போப் ஏழாம் கிளெமென்ட் வெட்டச் சொன்னது. ஒன்றை ஒன்று தொடாமல் சுற்றி இறங்கும் இரண்டு படிவரிசைகள். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒரு வழியில் இறங்கி, மறு வழியில் எதிரே யாரும் வராமல் ஏறும். ஆனால் 248 படி. அம்மா மேலே இருக்கட்டும், நீங்கள் மட்டும் இறங்கி ஏறுங்கள்.

அருவியை அதே நாளில் சேர்க்காதீர்கள். அருவிக்குப் போக இறங்க வேண்டிய தெர்னி ஊர் வேறு ரயில் பாதையில் இருக்கிறது.

மொட்டைமாடி

பெரூஜாவாசி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர்வியேத்தோவில் உம்ப்ரிகெல்லி என்று தடித்த கயிறு மாதிரி ஒரு பாஸ்தா உண்டு. மாவும் தண்ணீரும்தான், முட்டை சேர்ப்பதில்லை. தக்காளிச் சாற்றோடு கேளுங்கள். "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா உவோவா" என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். பர்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்துப் பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் இருக்கும், பெகோரினோவில் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் ரென்னெட், அம்மா அதையும் தவிர்ப்பாரென்றால் "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" சேருங்கள். மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால் ராத்திரிதான்.

காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்க வேண்டாம். மறந்து நான் அபராதம் கட்டியிருக்கிறேன்.

தென்றல்82

ரொம்ப நன்றி. அம்மாவிடம் ஓர்வியேத்தோ பேராலயப் படத்தைக் காட்டினேன், சம்மதம். ஆனால் அருவி விட மனசில்லை. ரோமில் ஒருநாளைக் குறைத்தால் முடியுமா?

பெரூஜாவாசி

முடியும், அப்புறம் வருத்தப்படவும் மாட்டீர்கள். தெர்னிக்கு ரயில், அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் பஸ். கி.மு. 271இல் ரோமானியர்கள் ரியேத்தி சதுப்பு நிலத்தை வடிக்க வெலினோ ஆற்றைத் திருப்பிவிட்டதால் உண்டான அருவி, மூன்று தட்டாக 165 மீட்டர் விழுகிறது. தண்ணீர் மின்நிலையத்துக்கும் போவதால் குறிப்பிட்ட மணிக்குத்தான் திறந்துவிடுவார்கள், அக்டோபர் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். சைரன் ஊதும், ஓடை மாதிரி கசிந்துகொண்டிருந்தது கண்முன்னே அருவியாகிவிடும். அதற்கு அரைமணி முன்னதாகவே கீழ் வாசலுக்குப் போய்விடுங்கள். மேலே போகும் பாதைகள் எல்லாம் படி. கீழ்வாசல் பக்கமிருந்தே முழு அருவியும் தெரியும், சாரலும் வரும். அம்மாவுக்கு ஒரு துண்டும் மாற்றுச் சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.